கவனக்குறைவு அல்ல

உங்கள் அறையில் ஓடுகிற மின்விசிறியின் கெப்பாசிட்டர் போய்விட்டது, இன்ஸ்பெக்டர். நேற்று முழுக்க உங்கள் ரைட்டர் காற்றே வரவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார், ஏறிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்றுக்கு மேல் அது வராது. வில்லியனூர் கடைவீதியில் எந்த எலக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் கிடைக்கிற பொருள்தான், மாற்றச் சொல்லுங்கள்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன். நேற்று நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தேன். அரிய உலோகக் கலவை என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் இரும்புச் சாமான் என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நீங்கள் கெட்டிக்காரத்தனமாக விசாரித்ததால் நான் ஒத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற மார்ச் ஏழாம் தேதி எங்கள் தொழிற்சாலையில் பச்சையப்பன் இறந்துபோனது பற்றி உங்களுக்கு முன்பிருந்தவர் ஒரு அறிக்கை எழுதி மூடிவைத்தார் அல்லவா, அதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். 'மேற்பார்வையாளர் மணவாளனின் கவனக்குறைவால்' என்று அதில் இருக்கிறது. எட்டு மாதமாக அந்த ஒரு சொல் அரசாங்க ஃபைலில் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வாழ்க்கையில் நான் கவனக்குறைவாக எதையும் செய்ததில்லை. அதைத் திருத்தத்தான் இந்தத் தாள்.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. கௌஸ் பாஷாவின் காந்தத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக இருக்கிறேன். பாகூர் போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். ரேடியோ ஸ்பீக்கருக்குப் பின்னால் வைக்கிற வளையக் காந்தம் அங்கே ஆயிரக்கணக்கில் சுடுகிறார்கள். பிஸ்கட் சுடுகிற வேலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கௌஸ் பாஷா கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர், காந்தம் எதனால் ஒட்டுகிறது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை, ஆனால் நான் அதைத் திருத்தவில்லை.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு வருடம் இருந்தேன். ஏழாவது வருடம் என் வழிகாட்டிப் பேராசிரியர் பத்துப் பேர் முன்னால் சொன்னார்: 'மணவாளா, நீ கொண்டுவருகிற எண்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வேறு ஒருத்தர் செய்தால் வரமாட்டேன் என்கின்றனவே.' எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன்தான். ஒரு எண்ணைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் போட வேண்டும், அவரே செய்து பார்த்தாலும் அது வர வேண்டும். இந்த ஊரில், இந்த ஜனங்களோடு நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அதற்காக மட்டும்தான்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. நியோடிமியம் என்று ஒரு அரிய உலோகம். அதை இரும்போடும் துளி போரானோடும் உருக்கினால், அதுவரை உலகத்தில் இருந்த எந்தக் காந்தத்தையும்விட வலுவான காந்தம் கிடைக்கும் என்று வெளிநாட்டில் இரண்டு மூன்று வருடம் முன்பு கண்டுபிடித்தார்கள். உருக்கினால் மட்டும் போதாது. சுழல்கிற செப்புச் சக்கரத்தின்மேல் அந்தக் குழம்பை மெல்லிய தாரையாக அடிக்க வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் அது குளிர்ந்து, நாடாவாகத் தெறித்து விழும். சக்கரம் மிக வேகமாகச் சுற்றினால் அணுக்கள் ஒழுங்குபடவே நேரம் இல்லாமல் கண்ணாடி போல் உறைந்துவிடும், அதில் காந்தம் நிற்காது. மெதுவாகச் சுற்றினால் மணிகள் பெருத்துவிடும், அதிலும் நிற்காது. நடுவில் ஏதோ ஒரு வேகத்தில், ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் வருகிற அளவுக்கு மணிகள் அமையும். அப்போது அந்த நாடா, தலைகீழாக எவ்வளவு எதிர்க்காந்தம் கொடுத்தாலும் தன் பிடியை விடாது. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு எண் உண்டு. எனக்கு வேண்டியது அந்த எண்தான்.

கௌஸ் பாஷாவிடம் பேசி, ஷெட்டின் பின்கட்டில் சக்கரம் அமைத்தேன். காற்றுப் பட்டால் அந்த உலோகம் எரியும் என்பதால் எல்லாம் ஆர்கான் வாயுவுக்குள் நடக்க வேண்டும். சிலிண்டர்கள் மெட்ராசிலிருந்து லாரியில் வந்தன. நாடா தெறித்துப் பறக்க நீளமான இடம் வேண்டும், ஷெட்டோ குட்டை. அதனால் சக்கரப் பெட்டியிலிருந்து ஒரு தகரக் குழாயைக் கீழ்நோக்கி விட்டு, எட்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நாடா அதற்குள் போய் விழும்படி செய்தேன். உலகத்தில் வேறு எங்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்காது. ஆர்கான் காற்றைவிடக் கனம். சக்கரம் ஓடி முடிந்ததும் அதுவும் அந்தக் குழிக்குள்தான் போய்த் தேங்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை, தொண்டை கமறாது. அதனால் பத்து நிமிடம் புளோயர் போட்டு வெளியேற்றிவிட்டுத்தான் ஆள் இறங்கி நாடாவைப் பொறுக்க வேண்டும். இறங்குகிற ஆள் பச்சையப்பன்.

ஏம்பலத்துக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவது வரை படித்ததாகச் சொல்வான், ஏழாவது என்றே நான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் கிணறுகளில் பம்ப்செட் இறக்கி ஏற்றுகிற மெக்கானிக்காக இருந்தவன். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவானாம். கௌஸ் பாஷா இதைச் சொல்லி அவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். சமையற்காரி வாசனையை வைத்துச் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி அறிவு அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாளே குழியில் இறங்குவதற்கு முன்னால் ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினான். நான் என்னடா இது என்றேன்.

"பாழுங் கெணத்துல எறங்கறப்ப இப்டித்தான் சார் பாப்போம். வெளக்கு அணஞ்சிட்டா உள்ள காத்து இல்லன்னு அர்த்தம். எறங்குனா ஆளு காலி."

நான் சிரித்துவிட்டுப் போனேன். புளோயர் போட்டபிறகு இந்த விளக்கு எதற்கு என்று அவனுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவான், மறுநாளும் விளக்கை இறக்குவான். ஒன்றரை வருடம் ஒரு நாள் விடாமல் அப்படித்தான் செய்தான். நெற்றியில் விபூதி பூசிக்கொள்வதுபோல அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஜனவரி இருபதாம் தேதி, பொங்கல் கழித்து ஷெட் திறந்த முதல் வாரம், நிமிடத்துக்கு மூவாயிரத்து முந்நூறு சுற்றில் சக்கரத்தை வைத்து ஒரு வார்ப்பு செய்தேன். அந்த நாடாவில் கொஞ்சம், சக்கரத்தின் வேகத்தையும் எழுதி, பெங்களூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் பேராசிரியரின் கையெழுத்தில் பதில் வந்தது. அந்தப் பிடிவாத எண்ணைப் பன்னிரண்டாயிரம் ஓர்ஸ்டெட் என்று அளந்திருக்கிறார். இந்தியாவில் அப்போது யாரும் அதை எட்டியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி தானும் இன்னும் இரண்டு பேரும் நேரில் வந்து பார்ப்பதாகவும், தங்கள் கண்முன்னால் அதே வேகத்தில் அதே நாடா வந்தால் எனக்கு அங்கே மறுபடி இடம் உண்டு என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் நாற்பது தடவையாவது படித்திருப்பேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பெரியவர்கள் வரும்போது எல்லாம் பிசகில்லாமல் இருக்க வேண்டும் என்று கௌஸ் பாஷாவிடம் கேட்டு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் பொருத்தினேன். இங்கே கரண்டு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், விளக்கு சில நேரம் தீக்குச்சி மாதிரி எரியும். ஸ்டெபிலைசர் வந்ததும் சக்கரம் கம்பீரமாக ஓடியது. பிப்ரவரி முழுக்க அதே கலவை, அதே மூவாயிரத்து முந்நூறு, பதினெட்டு வார்ப்பு செய்தேன். ஒன்றில்கூட அந்த எண் வரவில்லை. பன்னிரண்டாயிரம் எங்கே, முந்நூறு நானூறு எங்கே. நாடா எல்லாம் பளபளவென்று, கையில் மடக்கினால் உடையாமல் மடங்கியது. ஒன்றுக்கும் உதவாத கண்ணாடி அது. பெங்களூரில் பத்துப் பேர் சிரித்த சிரிப்பு எனக்குத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது.

பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போனபிறகு பச்சையப்பன் மட்டும் நின்றான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், தப்பா நெனச்சிக்கக் கூடாது. ஒண்ணு சொல்லவா?"

"இன்னாடா சொல்லு" என்றேன். அவனிடம் பேசும்போது எனக்கும் அவன் பாஷை வந்துவிடும்.

"அன்னிக்கி நாடா நல்லா வந்துச்சே, அன்னிக்கி சக்கரம் மூவாயிரத்துல ஓடல சார். ரொம்ப டல்லா ஓடுச்சி. எங்க ஏம்பலம் பக்கம் நவரை நெல்லு நடவு. பகல்ல கரண்டு வந்ததும் எல்லா கொல்லையிலயும் மோட்டாரு போட்டுட்டாங்க. வோல்டேஜு சுத்தமா எறங்கிடுச்சி. உங்க முள்ளு மூவாயிரத்துலயேதான் இருந்துச்சி, சக்கரம் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. சத்தத்துலயே தெரிஞ்சிச்சி சார். இந்தப் பெட்டி வந்ததுலேர்ந்து வோல்டேஜு எறங்கல, நாடாவும் வரல."

சக்கரத்தின் வேகத்தை அளக்கிற கருவி டிசம்பரிலேயே கெட்டுப்போய், மோட்டாருக்குப் போகிற வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர்ஸ்டாட்டின் முள்ளைப் பார்த்துத்தான் நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதைக் கவனக்குறைவு என்று நீங்கள் சொல்லக்கூடும். கருவி கெட்டுப்போனது கருவியின் குற்றம்.

அவன் போனபிறகு முள்ளை ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்குத் திருப்பி ஒரு வார்ப்பு செய்தேன். நாடா மங்கலாக, விரலில் மடக்கியதும் பொடுக்கென்று உடைந்தது. என்னிடம் இருந்த சின்ன மீட்டரே பத்தாயிரத்துக்கு மேல் காட்டியது. பம்ப்செட் மெக்கானிக் சொன்னது சரி. பெங்களூரில் ஆறு வருடம், இங்கே நான்கு வருடம், அதன் பலன் ஏம்பலத்து நடவில் அகப்பட்டிருக்கிறது. என் பேராசிரியருக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வேகம் பொய் என்பதும் அதோடு நிச்சயமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அவன் என் மேஜைக்கு வந்தான். இரண்டு நாள் யோசித்திருப்பான் போலிருக்கிறது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்கிறீர்கள்.

"சார், பெங்களூர்க்காரங்க வந்து ஏன் வேகத்த தப்பா எழுதினேன்னு கேட்டா, நான் எழுதினதுன்னு சொல்லிடுங்க சார். அசிஸ்டெண்டு தெரியாம எழுதிட்டான்னு சொல்லுங்க. நானும் ஆமான்னுடறேன். எனக்கு இன்னா சார், படிக்காதவன், திட்டுனா வாங்கிக்கறேன். நீங்க படிச்ச படிப்பு வீணாப் போவக் கூடாது. கரண்ட பத்தி நான் யார்கிட்டயும் வாயத் தெறக்கமாட்டேன். நீங்களே கண்டுபுடிச்சதா இருக்கட்டும்."

"சரி, போய் வேலையைப் பாரு" என்றேன்.

அன்று மத்தியானமே ஒரு அறிவிப்பு டைப் அடித்துக் குழியோரச் சுவரில் ஒட்டினேன். மார்ச் மூன்றாம் தேதி என்று அதில் இருக்கும், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 'அரிய உலோகத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது. குழியிலோ குழியருகிலோ விளக்கு, தீக்குச்சி, எந்தவிதத் தீயும் கொண்டுவரக் கூடாது.' அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பாதுகாப்பு பற்றிய எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விதிதான். ஒன்றரை வருடம் முன்பே ஒட்டியிருக்க வேண்டியது. பேராசிரியர் வந்தபோது அதைப் படித்துவிட்டுப் பாராட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பச்சையப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "நியாயந்தான் சார்" என்றான். பிறகு அரிக்கேன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான். "அப்ப குழி நல்லா இருக்குதான்னு எப்டி சார் பாக்கறது?"

"நான் பாத்துச் சொல்றேன். என்னைக் கேட்டுட்டு எறங்கு."

அவன் முகம் தெளிந்துவிட்டது. விளக்கைத் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் புளோயர் போட்டேன். ஒவ்வொரு நாளும் அவன் கேட்டான், நான் நல்லா இருக்கு என்றேன், நல்லாவும் இருந்தது. மூன்று நாள் போதும். அந்த ஆட்களுக்கு எதுவும் மூன்று நாளில் பழகிவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு கௌஸ் பாஷா தொழுகைக்குப் போவார், ஷெட்டில் பாதிப் பேர் அவரோடு போவார்கள், மீதிப் பேர் சாப்பிடப் போவார்கள். காலையில் ஒரு வார்ப்பு முடிந்திருந்தது. 'நீ போய் சாப்பிட்டு வா, புளோயரை நான் பாத்துக்கறேன்' என்று அவனை அனுப்பினேன். புளோயரை நான் போடவில்லை. புதிதாக வந்த சிலிண்டரின் குழாயைக் குழிக்குள் விட்டு வால்வைத் திறந்தேன். குழியின் கொள்ளளவு எனக்குத் தெரியும், சிலிண்டரின் கொள்ளளவும் தெரியும், கூடுதலாகக் கால் மணி நேரம் விட்டேன். பிறகு வால்வை மூடி, குழாயைச் சுருட்டிப் பழையபடி ஆணியில் மாட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இதில் எந்த இடத்தில் கவனக்குறைவு இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று பத்துக்கு அவன் வந்தான். தட்டையும் சின்னத் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டான்.

"குழி நல்லா இருக்குதா சார்?"

"நல்லா இருக்கு. எறங்கு."

ஏணியில் ஐந்தாவது படியில் அவன் தலை தரைமட்டத்துக்குக் கீழே போயிற்று. கடைசிப் படியில் கால் வைத்ததும் தட்டைக் கீழே விட்டான். அசதியாக இருப்பவன் உட்காருவதுபோல உட்கார்ந்தான், பக்கவாட்டில் சாய்ந்தான். கூப்பிடவில்லை, கை கால் உதறவில்லை. அவனுக்கு வலி இருந்திருக்காது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன், வேண்டுமானால் ஒரு டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு விழுந்த சத்தத்தில் வாட்ச்மேன் அந்தோணிசாமி ஓடிவந்தார். வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு வந்தார். அறுபது வயது, பனித்திட்டுப் பக்கத்துக்காரர், பச்சையப்பனைத் தம்பி என்று கூப்பிடுவார். எட்டிப் பார்த்துவிட்டு "ஐயோ ஷாக்கு, ஷாக்கு அடிச்சிருச்சி, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று கத்திக்கொண்டே ஏணியில் கால் வைத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். "எறங்காதீங்க, கீழ காத்து இல்ல" என்றேன். அவர் திமிறினார். என் கையைக் கடித்தார். விடவில்லை. ஆட்கள் வந்து சேரும்வரை அவரை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நீங்கள் ஃபைலைப் படித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தோணிசாமி ஷாக் என்று கத்தியபோது உங்களுக்கு மட்டும் எப்படி சார் காற்று இல்லை என்று தெரிந்தது? பரவாயில்லை. உங்கள் ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிற மற்ற போலீஸ்காரர்களைவிட நீங்கள் கொஞ்சம் தேவலை.

அந்தோணிசாமியை ஏன் காப்பாற்றினேன் என்றும் கேட்டீர்கள். நேற்று நான் மனிதாபிமானம் என்று சொன்னேன், ரைட்டரும் எழுதிக்கொண்டார். அதையும் திருத்திவிடுகிறேன். ஒருவன் இறந்தால் விபத்து, இரண்டு பேர் இறந்தால் ஷெட்டுக்கு சீல் வைப்பார்கள். பன்னிரண்டாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

கௌஸ் பாஷா தொழுகைத் தொப்பியோடு ஓடிவந்து மண்ணில் உட்கார்ந்து அழுதார். புளோயர் போட்டு, கயிறு கட்டி, அவனை மேலே தூக்க அரை மணி நேரம் ஆயிற்று. நான் என் உயிரைப் பணயம் வைத்து அந்தோணிசாமியைக் காப்பாற்றியதாகக் கௌஸ் பாஷா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடிபட்ட கைக்கு அவரே மருந்து போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் அவன் மனைவி தையலம்மாள் அவனுடைய சட்டையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு போக வந்தாள். அழவில்லை. என் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளக்கு உடாம அவுரு எறங்கமாட்டாரே சார். கெணத்துல கூட எறங்கமாட்டாரே. வெளக்க ஏன் வூட்டுக்குக் கொண்டாந்துட்டாரு?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளைக் குழியோரம் கூட்டிக்கொண்டு போய் அறிவிப்பை வரி வரியாக நானே படித்துக் காட்டினேன். தீ ஆபத்து என்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அவுரு நல்லதுக்குத்தான் ஒட்டி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் புரியும்படி அவ்வளவு நேரம் செலவழித்து வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி பேராசிரியர் வந்தார். குழியில் நானே இறங்கினேன், விளக்கு இல்லாமல், புளோயர் போட்டு. ஆயிரத்து எண்ணூற்றைம்பது சுற்றில் மூன்று வார்ப்பு, மூன்றிலும் எண் வந்தது. நான்காவதை அவரே தன் கையால் செய்தார், அதிலும் வந்தது. கைகுலுக்கினார். "முதல் கடிதத்தில் மூவாயிரத்து முந்நூறு என்று ஏன் எழுதினாய் மணவாளா?" என்று கேட்டார்.

"அசிஸ்டெண்ட் தெரியாமல் எழுதிவிட்டான் சார். அவன்தான் போன வாரம் தவறிப்போனான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. இறந்தவனைக் குறை சொல்ல வேண்டாம் என்று பேச்சை விட்டுவிட்டார். கட்டுரையில் அவன் பெயரையும் கடைசியில் நன்றி வரியில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். ஏம்பலத்தில் வேறு யாருடைய பெயரும் அப்படி அச்சில் வந்திருக்காது. அடுத்த மாதம் நான் பெங்களூரில் சேர வேண்டும். சேர முடியாது என்று அவருக்கு எழுதுவதற்கு நீங்கள் ஒரு இன்லாண்ட் கவர் வாங்கித் தந்தால் நல்லது.

இப்போது நீங்கள் நேற்றிலிருந்து நாலு தடவை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன்தான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானே, பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தானே, பிறகு எதற்கு? ஒருவேளை பிற்பாடு மிரட்டுவான் என்று பயந்தீர்களா என்று நீங்களே பதிலும் எடுத்துக் கொடுத்தீர்கள். இல்லை. அவன் மிரட்டமாட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் சொன்ன சொல்லை நான் முழுக்க நம்பினேன். சாகிறவரை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டான், தையலம்மாளிடம்கூட.

அறிவிப்பு ஒட்டிய பிறகும் தினமும் காலையில் வந்து அதே மாதிரி வணக்கம் சார் என்றான். டீ வாங்கி வந்து வைத்தான். என் முகத்தைப் பார்த்து, 'ராத்திரில்லாம் கண்ணு முழிக்காதீங்க சார், பன்னெண்டாந் தேதி எல்லாம் நல்லபடியா முடியும்' என்றான். எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றில் இறங்கிப் பிழைத்த ஒருவன் எனக்காகப் பரிதாபப்பட்டான், இன்ஸ்பெக்டர். எனக்குப் பிச்சை போட்டான். அதை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய், வாழ்நாள் முழுக்க, ஏம்பலத்தில் ஒருவன் எனக்கு நல்லது நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே நான் வாழ வேண்டியிருந்திருக்கும்.

மற்றபடி அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.